ஒரு மைல் மேற்கே

எங்கள் ஊர் ஒருமுறை மேற்கே ஒரு மைல் நகர்ந்துபோனது. வீடு, வாசல், கிணறு, சிறைச்சாலை, அதற்குள் இருந்த கைதிகள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டுதான் போனது. போனதை முதலில் கண்டுபிடித்தது வானோக்கு நிலையம். கடைசியாகத் தெரிந்துகொண்டது ஊர். எந்த ஊரிலும் வழக்கம் அதுதானே.

அந்த நிலையத்தில் நான் இருபத்தாறு வருடம் நகல் எழுத்தராக இருந்தேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனால் நிலையத்திலிருந்து வெளியே போன ஒவ்வொரு மடத்தனமும் என் கையால்தான் அழகாகப் போனது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. மறைத்துத்தான் என்ன ஆகப்போகிறது என்று சொல்கிறேன்.

நிலையத்தின் வேலை ஒன்றே ஒன்று. சூரியன் உச்சிக்கு வரும் கணத்தைப் பிடிப்பது. மாடியில் ஒரு நீளமான அறை. அதன் கூரையில் வடக்கிலிருந்து தெற்குவரை ஒரு நீண்ட வெட்டு. அதற்குக் கீழே பக்கம் பக்கமாக இரண்டு தொலைநோக்கிகள். ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு சிலந்தி நூல் செங்குத்தாக இழுத்துக் கட்டியிருக்கும். கரி படிந்த கண்ணாடி வழியாகப் பார்த்தால் சூரிய வட்டம் மெல்ல ஊர்ந்து வந்து அந்த நூலைத் தொடும். சுவரில் இருக்கும் ஊசல் கடிகாரம் டக், டக் என்று விநாடி எண்ணிக்கொண்டிருக்கும். காதைக் கடிகாரத்திலும் கண்ணை நூலிலும் வைத்துக்கொண்டு, தொட்ட கணத்தில் நோக்கர் "தொட்டது" என்று சொல்ல வேண்டும். சொன்ன விநாடியை நான் எழுதுவேன். அதே நேரம் கூரைக் கம்பத்தின் உச்சியில் மாட்டியிருக்கும் கறுப்புப் பந்து கீழே விழும். துறைமுகத்தில் நிற்கும் கப்பல்காரர்கள் அதைப் பார்த்துத் தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள். நடுக்கடலில் நாம் எங்கே இருக்கிறோம் என்று ஒரு மாலுமிக்குத் தெரிவது அந்தக் கடிகாரத்தை வைத்துத்தான்.

முதல் தொலைநோக்கி தலைவருடையது. தலைவருக்கு வெள்ளை மீசை, கனத்த குரல். முப்பத்திரண்டு வருடமாக ஒரே நாற்காலி. நிலையத்தின் சட்டப் புத்தகத்தில் முதல் விதி இது: "தலைவர் காணும் கணமே உச்சிக் கணம்." எழுதியவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருப்பார்கள். மனிதருக்கு வயதாகும் என்பது அன்றைக்கு அவர்கள் ஞாபகத்துக்கு வரவில்லை போலிருக்கிறது.

இரண்டாவது தொலைநோக்கி இரண்டாம் நோக்கருடையது. நாங்கள் அவரை இரண்டாமவர் என்று கூப்பிடுவோம். வீட்டிலும் அவர் இரண்டாமவர்தான். முதல் இடத்தில் அவருடைய மனைவி இருந்தார். ஊரில் பாதிப் பேருக்குச் சட்டை தைத்துக் கொடுக்கும் தையல்காரி. வாயும் கத்தரிக்கோலும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல.

சங்கடம் என்னவென்றால், இரண்டாமவர் முந்திக்கொண்டே இருந்தார். வேலையில் சேர்ந்த வருடம் தலைவரைவிட அரை விநாடி முன்னால் "தொட்டது" என்பார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் வருடம் ஒரு விநாடி ஆயிற்று. ஏழாம் வருடம் இரண்டரை. பதினோராம் வருடம் நாலரை விநாடி. இரண்டாமவர் சொல்லி முடித்து, கண்ணைத் துடைத்து, கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்த பிறகுதான் பக்கத்து நாற்காலியிலிருந்து "தொட்டது" என்ற கனத்த குரல் வரும். நிலையம் முழுவதும் அவருக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர் வைத்துவிட்டது.

பதிவாளர் என்று ஒருவர் இருந்தார். விதிகளைக் காப்பாற்றுவதற்கென்றே பிறந்தவர். "நோக்கரின் அவசரம் குறித்து" என்று ஒரு கோப்பைத் திறந்தார். இரண்டாமவருடைய நாற்காலியை இரண்டு விரற்கடை உயர்த்திப் பார்த்தார்கள். இரண்டு விரற்கடை தாழ்த்திப் பார்த்தார்கள். காதில் எண்ணெய் விட்டார்கள். இடது கண்ணால் பார்க்கச் சொன்னார்கள். அதுவும் நாலரை விநாடி முந்தியது. பிறகு நிதானப் பயிற்சி. தினமும் காலை விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நிலையத்தை மூன்று முறை சுற்றி வர வேண்டும். ஒரு மாதம் சுற்றினார். ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. உச்சியானதும் மறுபடி நாலரை விநாடி முந்தினார்.

அடுத்து, அவர் மனைவிக்கு ஒரு கேள்வித்தாள் போனது. அதன் நகலும் என் கையெழுத்துத்தான்.

"உங்கள் கணவர் சாப்பாடு வைப்பதற்கு முன்பே வந்து உட்கார்ந்துவிடுகிறாரா?" என்பது முதல் கேள்வி. "வைத்து ஆறிய பிறகும் வருவதில்லை" என்று பதில் வந்தது. "நீங்கள் பேசி முடிப்பதற்குள் பதில் சொல்கிறாரா?" என்பது இரண்டாவது. "பேசி முடித்து ஒரு வாரம் ஆனாலும் சொல்வதில்லை." மூன்றாவது கேள்வி, "வேறு எந்த விஷயத்திலாவது முந்துகிறாரா?" அதற்குப் பதில் எழுதவில்லை. அந்த இடத்தில் ஒரு ஊசியைக் குத்தி அனுப்பியிருந்தார்.

பதிவாளர் விரலில் துணி சுற்றிக்கொண்டு முடிவை எழுதினார்: "வீட்டில் அடக்கிவைக்கப்படும் அவசரம் அலுவலகத்தில் வெளிப்படுகிறது."

இதற்கெல்லாம் நடுவில் மூன்றாம் நோக்கர் ஒருவர் நிம்மதியாக இருந்தார். வாரத்தில் ஒரு நாள், இரண்டாமவருடைய விடுமுறையில், அவர் உட்காருவார். தலைவரோடு ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குகூடப் பிசகமாட்டார். "பயிற்சின்னா இது பயிற்சி" என்று பதிவாளர் உருகுவார். பக்கத்திலிருந்து எழுதுகிற எனக்குத்தான் உண்மை தெரியும். மூன்றாமவர் சூரியனைப் பார்ப்பதே இல்லை. ஒரு கண் தொலைநோக்கியில் இருக்கும், மூடியபடி. இன்னொரு கண் தலைவருடைய மீசையில் இருக்கும். மீசை அசைந்தால் இவருக்குத் தொட்டுவிடும்.

இப்படிக் காலம் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கடிதம் வந்தது. பக்கத்து நாட்டு வானோக்கு நிலையத்தார் எழுதியிருந்தார்கள். நல்ல கடிகாரம் ஒன்றைக் கப்பலில் ஏற்றி அனுப்பி, எங்கள் கறுப்புப் பந்தோடு ஒத்துப் பார்த்திருக்கிறார்கள். "பதினோரு ஆண்டுகளுக்கு முன் உங்கள் உச்சி வேளை எங்களுடையதற்கு இருபது நிமிடம் பின்னால் வந்தது. இப்போது இருபது நிமிடமும் நான்கு விநாடியும் ஆகிறது. உங்கள் பக்கம் ஏதும் தவறு நேர்ந்திருக்கிறதா என்று பார்க்கவும்."

தவறு என்ற வார்த்தையைப் படித்ததும் எல்லோரும் பழக்கதோஷத்தில் இரண்டாமவரைப் பார்த்தோம். ஆனால் பந்து விழுவது தலைவருடைய கணத்தில். இந்த ஒன்றுக்கு மட்டும் இரண்டாமவரைப் பிடிக்க வழியில்லை. பதிவாளருக்கு அதில் மிகவும் வருத்தம்.

தலைவர் இரண்டு வாரம் அறையைச் சாத்திக்கொண்டு யோசித்தார். பிறகு நகர மண்டபத்தில் ஒரு கூட்டம் கூட்டினார். நாற்காலி பிடிக்க முடியாத கூட்டம். அவர் பேச்சை நான் ஒரு எழுத்து விடாமல் எடுத்தேன்.

"பெரியோர்களே! நான்கு விநாடி காணாமல் போயிருக்கிறது. எங்கே போனது? முதலில் நான் கடிகாரத்தைச் சந்தேகித்தேன். அதைக் கழற்றிப் பூட்டினோம். கடிகாரம் குற்றமற்றது. பிறகு சூரியனைச் சந்தேகித்தேன். ஆனால் பக்கத்து நாட்டுக்குச் சூரியன் நேரத்துக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது. பிறகு எங்கள் சுவரைச் சந்தேகித்தேன். தூக்குநூல் விட்டுப் பார்த்தோம். சுவர் நேராக நிற்கிறது. ஒரு விஞ்ஞானி எதையும் சந்தேகிக்கத் தயங்கக் கூடாது. சந்தேகிக்க வேண்டிய அத்தனையையும் நான் சந்தேகித்துவிட்டேன். மிச்சம் இருப்பது ஊர் ஒன்றுதான்!"

தலைவர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"மேற்கே போகப் போக உச்சி வேளை தாமதமாகும். இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். நான்கு விநாடி தாமதம் என்றால் ஒரு மைல். ஆகவே பெரியோர்களே, நம் ஊர் இந்தப் பதினோரு ஆண்டில் ஒரு மைல் மேற்கே நகர்ந்திருக்கிறது. யாரும் அறியாமல் நகர்ந்திருக்கிறது. நான் அறிந்தேன்!"

கைதட்டல் அடங்கச் சற்று நேரம் பிடித்தது. நகரத் தந்தை எழுந்து, தம் நிர்வாகத்தில் ஊர் ஓர் அடிகூட முன்னேறவில்லை என்று சொன்னவர்கள் இப்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்கள் என்று கேட்டார். இரண்டாவது கைதட்டல் அதற்கு.

ஊருக்குப் பித்துப் பிடித்தது. கிழக்குத் தெருக்காரர்கள் ஒரு மனு கொடுத்தார்கள்: ஊர் போனபோது தங்களையும் கூட்டிக்கொண்டு போனதா, அல்லது எல்லா விஷயத்திலும் போல விட்டுவிட்டுப் போய்விட்டதா? மேற்கே அடுத்த ஊருக்குப் போகும் வண்டிக்காரரிடம், தூரம் ஒரு மைல் குறைந்துவிட்டதால் இனி சீக்கிரமே கொண்டுவிட வேண்டும் என்று பயணிகள் சண்டை போட்டார்கள். மேற்கு எல்லைக்கு அப்பால் இருப்பவர்கள் பயந்துபோய் வேலிக்கு இரண்டு ஆள் காவல் போட்டதாகச் செய்தி வந்தது. நகரத் தந்தைக்கு அன்று சாப்பாடே வேண்டியிருக்கவில்லை.

எல்லாவற்றையும்விட அழகு, நினைவுச் சின்னம். நிலையம் முன்பு இருந்த இடத்தில் ஒரு கல்வெட்டு வைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. எங்கள் ஊருக்குக் கிழக்கே கடல். நிலையம் நிற்பதே கடற்கரை மேட்டில். அப்படியென்றால் அது முன்பு இருந்த இடம் கடலுக்குள் வருகிறது. பரவாயில்லை என்று ஒரு மிதவையில் பலகையை ஆணியடித்து, படகில் கொண்டுபோய் நங்கூரம் போட்டார்கள். "வானோக்கு நிலையம் இவ்விடத்தில் இருந்தது." எழுத்து என்னுடையது.

படகுக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டு நெடுநேரம் பலகையையே பார்த்தார். "ஐயா, எனக்குத் தெரிஞ்ச நாள்லேர்ந்து இங்க தண்ணிதானே இருந்துச்சு?" என்றார்.

"நீங்க படகுக்காரர். நாங்க விஞ்ஞானம் படிச்சவங்க" என்றார் பதிவாளர்.

"அது சரிங்க" என்று அவர் துடுப்பை எடுத்துக்கொண்டார்.

இதுவரை நடந்ததெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம்தான். சிரிப்பு நின்றது நிலையம் தயாரித்த புதிய கடல் வரைபடத்தில். கரையும் துறைமுகமும் வாயிலில் இருக்கும் பாறைகளும் எல்லாம் ஒரு மைல் மேற்கே தள்ளி வரையப்பட்டன. மாத முதல் தேதி தபால் கப்பலில் அவை எல்லாத் துறைமுகங்களுக்கும் போக வேண்டும். எங்கள் கடலுக்கு அது மூடுபனிக் காலம். கிழக்கேயிருந்து பனிக்குள் வருகிற மாலுமி, புதிய படத்தை நம்பி, பாறைக்கு இன்னும் ஒரு மைல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வருவான். நினைத்து முடிப்பதற்குள் பாறை வந்துவிடும்.

இரண்டாமவருடைய மனைவிக்கு ஒரே தம்பி. சரக்குக் கப்பலில் மாலுமி. ஒரு வாரப் பயண தூரத்தில் ஒரு துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தான். தபால் கப்பல் கொண்டுவரும் புதிய படத்தை வாங்கிக்கொண்டு கிளம்பப் போவதாக அக்காவுக்குக் கடிதம் போட்டிருந்தான்.

படம் போகாமல் தடுக்க ஒரே ஒரு வழி இருந்தது. அது இரண்டாமவருக்கே தெரியாது. சட்டப் புத்தகத்தைப் பதினாலு தடவை நகலெடுத்த எனக்குத் தெரியும். அலுவலகம் முடிந்ததும் நான் அவர் வீட்டுக்குப் போனேன். வீடு என்றால் ஓர் அறையும் ஒரு தையல் மேசையும்.

"ஒன்பதாம் விதிங்க" என்றேன். "தலைவரும் ரெண்டாம் நோக்கரும் ஒரே கணத்தச் சொன்னாத்தான் புது வரைபடம் வெளிய போகலாம், விடுமுறைக்கு உக்கார்றவரு கணக்குல வரமாட்டாரு. நீங்க ஒத்துக்காத வரைக்கும் படம் போகாது."

"அப்ப நான் வேலைல இருந்தாப் போதும்" என்றார் இரண்டாமவர்.

"அதான் இருக்க விடமாட்டாங்க. உங்களை நீக்கிட்டு மூணாமவரை உக்கார வைக்கப் போறாங்க. அவர் மீசையப் பாத்தே ஒத்துப்போயிடுவாரு."

மனைவி தையலை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "ஊர் நகர்ந்துச்சாமே, ஊர்! ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். அந்த மனுஷனுக்குக் கண்ணு தெரியலன்னு சொல்ல ஒரு ஆம்பளைக்கும் வாய் இல்லையா?"

எங்கள் இருவருக்கும் இல்லை. அவரே தொடர்ந்தார்.

"சரி, விசாரணை வெச்சுத்தானே நீக்குவாங்க? நடுவுல நீக்க முடியுமா?"

"முடியாது. விசாரணை முடியணும். கேள்வி எல்லாம் அவருக்குப் புரிஞ்சிருக்கணும்னு ஒரு விதி இருக்கு."

"அப்ப புரிய வேணாம்" என்றார் அந்த அம்மாள். "ஏங்க, கேக்குதா? உங்களுக்கு எதுவும் புரியாது. வீட்ல இருக்கிற மாதிரியே இருங்க."

விசாரணை மறுநாள் ஆரம்பித்தது. பதிவாளர் கேட்டார்: "பதினோரு ஆண்டுகளாகத் தாங்கள் உண்மைக்கு முன்னதாகக் கண்டதற்குத் தங்களிடம் ஏதேனும் சமாதானம் உண்டா?"

"புரியலைங்க."

"உண்மை வருவதற்கு முன்னாலேயே நீங்க பாத்துட்டீங்க. ஏன்?"

"வராத உண்மைய எப்படிங்க பாக்குறது? புரியலைங்க."

விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த நாளும் புரியவில்லை. அதற்கடுத்த நாளும் புரியவில்லை. நல்ல மனிதர், நடிக்கத் தெரியாது. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை என்பதுதான் எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது. ஆறு அமர்வு இப்படிப் போனது. ஆறாம் நாள் பதிவாளர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: "புரியாமை இனிமேல் புரிந்ததாகவே கொள்ளப்படும்." அதையும் நான்தான் எழுதினேன். தீர்ப்பு வெள்ளிக்கிழமை. தபால் கப்பல் சனிக்கிழமை.

வியாழன் காலை தலைவர் இரண்டாமவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பேச்சைப் பதிவு செய்ய என்னையும் கூப்பிட்டார். மேடையில் பேசுகிற குரல் இல்லை அது.

"உக்காருங்க. நாளைக்கு உங்களை அனுப்பிடுவாங்க. எனக்கு அதுல சந்தோஷம் இல்ல. ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்னோட ஒத்துப்போனா என்னங்க?"

"ஒத்துப்போகணும்னா, தொட்டப்புறம் நாலு எண்ணிட்டுச் சொல்லணும் ஐயா."

"எண்ணுங்களேன்."

"எண்ணிப் பாத்துட்டேன் ஐயா. ஒண்ணு எண்றதுக்குள்ள வாய் சொல்லிடுது."

தலைவர் பெருமூச்சு விட்டுப் பேனாவை மைக்கூட்டில் தோய்க்கப் போனார். பேனா மேசையை நோக்கி இறங்கியது. நான் மைக்கூட்டை நகர்த்தி அதற்குக் கீழே வைத்தேன். இரண்டு வருடமாக இதைச் செய்துகொண்டுதான் இருந்தேன். ஏன் செய்கிறேன் என்று ஒரு நாளும் என்னையே கேட்டுக்கொண்டதில்லை. இரண்டாமவர் மைக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஐயா," என்றார் மெதுவாக, "கண்ணுல புரை விழுந்திருக்கா?"

தலைவர் என் பக்கம் திரும்பினார். "இத எழுதாதீங்க."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"சூரியன் தெரியுதுய்யா. அதுல ஒரு குறையும் இல்ல. நூலுதான் தெரியல. இந்நேரம் தொட்டிருக்கும்னு தோணும்போது சொல்றேன். தோணுறதுக்குக் கொஞ்சம் நேரம் ஆகுது."

"அதைச் சொல்லிடலாமே ஐயா. வயசானா யாருக்கும் வர்றதுதானே?"

"யாருகிட்டய்யா சொல்றது? நான் பாக்குறதுதான் கணம்னு விதி. எனக்குத் தப்புன்னா பதினோரு வருஷத்து மதியமும் தப்பு. ஊரே அந்த மதியத்துக்குத்தான் சாப்பிட்டிருக்கு. கல்யாணம் பண்ணியிருக்கு. செத்திருக்கு. அவ்வளவையும் யாரு திருப்பிக் கொண்டாறது?" அவர் கண் கலங்கியிருந்தது. புரையா, அழுகையா என்று சொல்லத் தெரியவில்லை. எனக்கு அவர்மேல் பதினோரு வருடமாக இருந்த எரிச்சல் அந்த நிமிடம் எங்கேயோ போய்விட்டது.

இரண்டாமவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "மதியத்தப் பத்தி எனக்குக் கவலை இல்லீங்க ஐயா. என் மச்சினன் கப்பல்ல வர்றான். அந்தப் படத்தப் பாத்துக்கிட்டு வந்தான்னா பாறைல ஏறிடுவான். அவனுக்கு ஒண்ணுன்னா என் வீட்ல எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் இருப்பேன்?"

தலைவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயா, ஒண்ணு கேக்கட்டுமா? ஊரு போச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க. போன ஊரு திரும்பி வரக் கூடாதா?"

தலைவர் தலையை நிமிர்த்தினார். முதலில் புரியாதவர்போல் பார்த்தார். பிறகு மீசை ஒரு பக்கமாக ஏறியது. "திரும்பி வரக் கூடாதுன்னு விதி ஏதாவது இருக்கா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லீங்க ஐயா" என்றேன். சட்டப் புத்தகம் முழுவதையும் மனதுக்குள் ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

"அப்ப வரலாம்" என்றார் தலைவர். "ஆனா நூலு எனக்குத் தெரியாதே."

"நான் காலால உங்க நாற்காலிய ஒரு தட்டு தட்டுறேன். உடனே சொல்லிடுங்க."

பதிவாளரைக் கூப்பிட்டு, நாளைக்கு ஊர் திரும்பும் அறிகுறிகள் தெரிகின்றன என்று தலைவர் சொன்னார். பதிவாளர் ஆச்சரியப்படவில்லை. விதியில் இடமிருந்தால் அவர் எதற்கும் ஆச்சரியப்பட மாட்டார். ஆனால் ஒரு சிக்கலைச் சுட்டிக்காட்டினார். "நாளைக்கு ரெண்டு பேரும் ஒத்துப்போனீங்கன்னா, இத்தனை நாள் ஒத்துப்போகாததுக்கு யாராவது ஒருத்தர் காரணமா இருக்கணுமில்ல? கோப்ப எப்படி மூடுறது?"

அறையில் நான்கு பேர் இருந்தோம். மூன்று பேர் ஒருவரைப் பார்த்தோம்.

"எழுதுங்க" என்றார் இரண்டாமவர் என்னிடம். "நான் கையெழுத்துப் போடறேன்."

நான் எழுதினேன். "பதினோரு ஆண்டுகளாக என் கண் உண்மைக்கு முந்தி வந்த பிழையை ஒப்புக்கொள்கிறேன். தலைவர் அவர்களின் பொறுமையான வழிகாட்டுதலால் இன்று திருந்தினேன். இதற்குத் தண்டனையாக மூன்றாம் நோக்கராக இறக்கப்படுவதை மனமார ஏற்கிறேன்." என் வாழ்நாளில் அவ்வளவு கோணலாக நான் எழுதியதே இல்லை. பதிவாளர் தாளைத் திருப்பித் தந்து அழகாக எழுதச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை உச்சி. மாடி அறையில் நகரத் தந்தை, பத்திரிகைக்காரர்கள், கிழக்குத் தெருக்காரர்களின் பிரதிநிதி, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சூரிய வட்டம் ஊர்ந்து வந்தது. தொலைநோக்கிக்குக் கீழே இரண்டாமவருடைய கால் அசைந்ததை நான் ஒருவன்தான் பார்த்தேன். கொஞ்சம் பலமாகவே உதைத்துவிட்டார். பதினோரு வருடம் தேங்கி நின்ற உதை அது. தலைவர் நாற்காலியோடு ஒரு குலுங்கு குலுங்கினார்.

"தொட்டது!" "தொட்டது!"

இரண்டு குரலும் ஒரே கணத்தில். பத்தில் ஒரு பங்குகூட வித்தியாசம் இல்லை. நகரத் தந்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான்கு விநாடியும் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. ஊர் பத்திரமாகப் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று தலைவர் அறிவித்தார். ஊர் முன்னேறியபோது தட்டிய அதே கைகள் அது பின்னேறியதற்கும் தட்டின. நகரத் தந்தை மறுநாள் விடுமுறை விட்டார். சனிக்கிழமைத் தபால் கப்பலில் பழைய வரைபடங்களே போயின, "ஊர் திரும்பிவிட்டது" என்ற துண்டுச் சீட்டோடு. மூன்றாமவர் இரண்டாமவர் ஆனார். இனி சூரியனைப் பார்த்தாக வேண்டுமோ என்ற கவலையில் அவருக்கு அன்று காய்ச்சல் வந்துவிட்டது.

பிழை ஒப்புதலின் நகலை நிலைய வாசலில் ஒட்டினார்கள். மாலையில் பழைய இரண்டாமவருடைய மனைவி அதை முழுதும் படித்தார். நான் ஓடிவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. "என் தம்பிக்காகவா இதுல கையெழுத்துப் போட்டாரு?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அங்கேயே, தெருவில் நின்றுகொண்டே அழுதார். அழுது முடித்ததும், "கையெழுத்தாவது நேரா போட்டிருக்கக் கூடாதா இந்த மனுஷன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

மூன்று வாரம் கழித்து அந்தச் சரக்குக் கப்பல் வந்தது. எதிரில் இருப்பவர் முகம் தெரியாத மூடுபனியில், பாறைக்குப் பக்கத்தில் ஒழுங்காகத் திரும்பி, துறைமுகத்துக்குள் வந்து நின்றது. மறுநாள் மதியம் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். தம்பிக்காரன் ஆள் நன்றாகக் கறுத்திருந்தான். அக்கா அவன் தட்டை நிரப்பிக்கொண்டே இருந்தார்.

"மாமா, துறைமுகத்துல எல்லாரும் ஒரே பேச்சு" என்றான் அவன், வாய் நிறைய வைத்துக்கொண்டு. "ஊரு ஒரு மைல் போயிட்டுத் திரும்பி வந்துச்சாமே! வெள்ளிக்கிழம மத்தியானம் கடைல இருந்த பாத்திரம் எல்லாம் குலுங்குச்சுன்னு அந்தக் கயிறு விக்கிறவர் சத்தியம் பண்றாரு. படகுக்காரருக்குத் தலை சுத்துச்சாம். நீங்களும் அன்னைக்கு இங்கதானே இருந்தீங்க, உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா?"

இரண்டாமவர், இப்போது மூன்றாமவர், அவசரமே இல்லாமல் கடைசி வாயை மென்று விழுங்கினார். தண்ணீர் குடித்தார்.

"தெரியாம என்னடா?" என்றார். "உதைச்சுத் தள்ளினதே நான்தானே."